ஒன்பது ஒன்றுகள்: கேள்வி பதில்

பினாங்கில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். போன வாரம் 111111111 என்ற எண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சார், இதை எப்படி வாசிப்பது? (செந்தூல்)

நம் பிள்ளைகள் வகுப்பில் வாசிப்பதுபோல, நூற்றுப் பதினொரு மில்லியன் நூற்றுப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. உங்கள் தாத்தாவிடம் கேட்டால் பதினோரு கோடியே பதினோரு லட்சம் என்று தொடங்குவார். இரண்டும் சரி.

இது பகா எண்ணா? (ஆயர் ஈத்தாம்)

இல்லை. மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: 111, 111, 111. அதனால் 111 × 1001001 என்று எழுதலாம். 111 என்பது 3 × 37. 1001001 என்பது 3 × 333667. அப்புறம் உடைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம குழுக்களாகப் பிரிக்க முடிந்தால், அந்த எண்ணும் இப்படியே உடையும்.

அப்படியானால் 7 ஒன்றுகள் பகா எண்தானே? (அதே தம்பி)

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. 1111111 = 239 × 4649. இரண்டு ஒன்றுகள் கொண்ட 11 பகா எண்; அதற்குப் பிறகு 19 ஒன்றுகள் வரை காத்திருக்க வேண்டும். அடுத்து 23, அதற்கடுத்து 317, பிறகு 1031. இந்த 1031 இலக்க எண் பகா எண் என்று ஹியூ வில்லியம்சும் ஹார்வி டப்னரும் 1986-இல் நிறுவினார்கள்.

9-ஆல் வகுத்தால் 12345679 வருகிறது. 8 எங்கே போனது? கால்குலேட்டர் கெட்டுவிட்டதா? (பிரிக்பீல்ட்ஸ்)

கால்குலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. அதை ஓரமாக வைத்துவிட்டு, தாளில் நெடுவகுத்தல் போடுங்கள். 11-இல் 9 ஒரு முறை, மீதி 2. பக்கத்து ஒன்றை இறக்கினால் 21: இரண்டு முறை, மீதி 3. அடுத்து 31: மூன்று முறை, மீதி 4. ஒவ்வொரு படியிலும் மீதி ஒன்று கூடிக்கொண்டே போகும். 71 வரும்போது ஏழு முறை, மீதி 8. கடைசி ஒன்றை இறக்கினால் 81. அது சரியாக ஒன்பது ஒன்பது! எட்டு முறை எழுத இடமே இல்லை. இதைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து நிற்பார்கள்.

இது வர்க்க எண்ணா? (பட்டர்வொர்த்)

இல்லை. வர்க்க எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இதில் மீதி 3.

இதையே இதனால் பெருக்கினால் 12345678987654321. பத்து ஒன்றுகளுக்கும் இப்படி அழகாக வருமா, சார்? (செந்தூல்)

வராது. நடுப் பத்தியில் பத்து ஒன்றுகள் சேரும்: 0 போட்டு 1 கொண்டுபோக வேண்டும். இடப்பக்க 9 பத்தாகும், அங்கேயும் 0. அதற்கும் இடப்பக்கத்து 8 ஒன்பதாகும். விடை 1234567900987654321. ஏறும் பக்கத்தில் பாருங்கள், இங்கேயும் அந்த 8 இல்லை.