நோட்டு காலாவதியானால் கடன் தீர்ந்துவிடுமா?

ஐயா,

தறி போட, பக்கத்துத் தெருப் பெரியவரிடம் 2019 ஜூனில் 80,000 ரூபாய் வாங்கினேன். புரோநோட்டு எழுதிக் கொடுத்தேன். கொரோனாவில் தறி நின்றுபோனது. அசலும் கட்டவில்லை, வட்டியும் கட்டவில்லை. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் சம்சாரம் நோட்டோடு வந்து கேட்கிறார். சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "நோட்டு செத்துப்போச்சு, ஒரு பைசா தரவேண்டாம்" என்றார். சட்டமே விட்டுவிட்ட பிறகு நான் கொடுத்தால் ஏமாளிதானே?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

வக்கீல் சொன்னதில் பாதி சரி. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கேட்டதும் தருவதாக எழுதிய நோட்டுக்கு 3 ஆண்டுதான் ஆயுள். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்த 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் உங்கள் நோட்டு 2024-இல் முடிந்துவிட்டது. அந்த அம்மா வழக்குப் போட்டால், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் நீதிபதி தள்ளுபடி செய்தாக வேண்டும்.

வக்கீல் சொல்லாமல் விட்ட பாதிக்கு வருகிறேன். காலம் கடந்ததால் அடைபட்டது கோர்ட்டின் கதவு, கடன் அடைபடவில்லை. இன்று பணத்தைக் கொடுத்துவிட்டு, காலாவதியானது தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று நாளை திருப்பிக் கேட்க உங்களால் முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், 25-ஆம் பிரிவின்படி அது செல்லும். செத்த நோட்டுக்கு உயிர் கொடுக்கும் உரிமையைச் சட்டம் உங்கள் கையில்தான் விட்டிருக்கிறது.

காலவரையறை ஏன் வந்தது? சாட்சி செத்துப்போவார், ரசீதைச் செல் அரிக்கும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே மறந்துபோகும். கந்துவட்டிக்காரர் பத்து வருடம் கழித்து ஒரு பழைய தாளைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஏழைக்கு இதுதான் காப்பு. நல்ல விதி. ஆனால் உங்கள் விஷயத்தில் சந்தேகம் எங்கே இருக்கிறது? ரெவின்யூ ஸ்டாம்பு மேல் இருப்பது உங்கள் கையெழுத்து. வாங்கியதை நீங்களே எனக்கு எழுதுகிறீர்கள். கோர்ட் கேட்காது என்பதற்காக உங்களுக்குத் தெரிந்தது தெரியாததாகிவிடுமா? (வக்கீல் பீஸை மட்டும் அன்றே கொடுத்திருப்பீர்கள்.)

ஏமாளி என்கிறீர்கள். இதில் ஏமாந்தவர் ஒருவர்தான், அவர் இப்போது இல்லை.

அந்த அம்மாவை நேரில் பாருங்கள். வட்டியைப் பேசிக் குறைத்துக்கொள்வதில் தப்பில்லை, தறி நின்ற கதை ஊருக்கே தெரியும். மொத்தமாக முடியாவிட்டால் தவணை போட்டு எழுதிக் கொடுங்கள். பெரியவருக்குப் பிள்ளைகள் இருந்தால், பணம் தரும்போது அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணை கட்டும் அன்று பழைய நோட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.