விவாகரத்து கேட்பது மனைவி, ஜீவனாம்சம் யாருக்கு?

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு பைக் விபத்தில் என் கணவருக்கு முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயல்படவில்லை. அதற்கு முந்தியே எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தனித்தனியாக இருக்கிறோம். பிரிய அவரும் சம்மதிக்கிறார். வீடு இருவர் பெயரில் இருக்கிறது. தறிகள் என் பணத்தில் வாங்கியவை, கொட்டகை மாமனாருடையது. என் நகை அவர் வைத்தியத்துக்கு அடகு போய் மூழ்கிவிட்டது. சொத்தில் பாதி போய்விடுமா? நான் அவருக்கு ஜீவனாம்சம் தர வேண்டி வருமுங்களா?

பதில்: வரலாமுங்க. ஜீவனாம்சம் என்றாலே புருஷன் கொடுப்பது என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் 1955-ம் வருட இந்து திருமணச் சட்டத்தில், வழக்கு நடக்கும்போது கேட்கும் 24-ம் பிரிவும், நிரந்தரமாகக் கேட்கும் 25-ம் பிரிவும் கணவன், மனைவி இருவருக்கும் பொது. கைகால் நன்றாக இருந்தும் வேலைக்குப் போகாத கணவர் கேட்டால் நீதிமன்றம் லேசில் இரங்காது. புரண்டு படுக்கவே ஆள் தேவைப்படுகிறவர் கேட்டால் அப்படித் தள்ளிவிட மாட்டார்கள்.

எவ்வளவு என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தறியில் கூலி குறைந்த மாதங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். அவர் பக்கம் மூத்திரக் குழாய், படுக்கைப்புண் மருந்து, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் என்று மாதச் செலவு பட்டியலாக வரும். விபத்து நஷ்டஈடு கிடைத்திருந்தால் அது அவர் பணம், அதில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் அவர் தேவையைக் கணக்குப் போடும்போது அதையும் பார்ப்பார்கள்.

சொத்து விஷயத்தில் பயம் வேண்டாம். கல்யாணமானதாலேயே ஆளுக்குப் பாதி என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. அவர் மாற்றுத்திறனாளி என்பதால் உங்கள் சொத்தில் புதிதாகப் பங்கு முளைக்காது. ஊனம் ஜீவனாம்சக் கணக்கைத்தான் மாற்றும். வீட்டுக்குக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பங்கு விவரம் எழுதாமல் இரண்டு பேர் பெயரும் இருந்தால் பொதுவாகச் சரிபாதி. வீட்டுக்கடன் இருந்தால், நீங்கள் பிரிந்தது பேங்குக்குப் பொருட்டே இல்லை. கையெழுத்துப் போட்ட இருவரும் கட்டத்தான் வேண்டும். கொட்டகை மாமனாருடையது, அதில் பேச்சில்லை. தறி வாங்கிய பில்லும் பணம் போன பேங்க் கணக்கும் உங்கள் பெயரில் இருந்தால், அவை எந்தக் கொட்டகையில் ஓடினாலும் உங்களுடையவை.

நகை மட்டும் கொஞ்சம் சங்கடம். சீராக வந்த நகை உங்கள் சீதனம், உங்களுக்கே முழு உரிமை. கஷ்டகாலத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் சொன்னது. ஆனால் படுத்திருக்கும் மனிதரிடம் நகையை எங்கே போய் வசூலிப்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடகு ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை வீட்டுப் பங்கிலோ ஜீவனாம்சத்திலோ கழித்துக்கொள்ளப் பேசுவேன்.

ஊனம் விவாகரத்துக்குக் காரணமாகாது. ஆகவே பரஸ்பர சம்மத மனுதான் உங்களுக்கு வழி. பெரியவர்கள் முன்னால் பத்திரத்தாளில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடாது. பேசிய தொகை, தவணை, வீடு எல்லாம் மனுவில் ஏற வேண்டும். அவர் தன் வீட்டுப் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதானால், விடுதலைப் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் மனைவி இல்லையே.

அப்புறம், செலவு மிச்சம் என்று இருவரும் ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளாதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் மிரட்டிக் கையெழுத்து வாங்கினாள் என்று நாளைக்கு ஒரு பங்காளி கிளம்பலாம். 1987-ம் வருட சட்டப் பணிகள் சட்டப்படி பெண் என்பதால் உங்களுக்கும், மாற்றுத்திறனாளி என்பதால் அவருக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆளுக்கொரு மனுவாகக் கொடுங்கள்.