அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம். காலையில் அரை மணி நேரம் நடக்கிறார், மற்ற நேரமெல்லாம் நாற்காலிதான். இரவில் தூக்கமில்லை என்கிறார். என்ன செய்யலாம்?

அவரை நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று முதலில் வீட்டுக்குள் விசாரியுங்கள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு இருக்கும் இரண்டோடு முழங்கால் வலியும் உண்டு. துணி உலர்த்த எழுந்தால், “நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பாள் மருமகள். தண்ணீர்கூடக் கைக்கு வந்துவிடும். அவளைக் குறை சொல்லவில்லை. மாமியார் புராணம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் என் கணுக்கால்கள் வீங்கின, இரவில் சிறுநீருக்காக எழுந்தெழுந்து தூக்கம் போனது, மறுநாள் பகலில் நாற்காலியிலேயே கண் சொக்கியது. பகலில் தூங்கினால் இரவில் எங்கிருந்து வரும்?

காரணத்தை விளக்கியவர் ஒரு செவிலியர். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் கீழே தேங்கும் இரத்தம் மேலே ஏறுமாம். அசையாமல் காலைத் தொங்கப்போட்டிருந்தால் நீர் காலிலேயே தங்கி, இரவு படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற, நாம் எழுந்து நடக்கிறோம்.

உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அதுதான். தினமும் அரை மணி என்றால் வாரம் 210 நிமிடம். கொஞ்சம் வேகமாக நடக்கிறார் என்றால் உங்கள் அப்பா அதில் தேறிவிட்டார், அவரை இன்னும் விரட்டாதீர்கள். உட்காரும் நேரத்தைக் குறைக்கவும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது, அந்த வரிதான் யார் கண்ணிலும் படுவதில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி வைத்தாலே சர்க்கரைக்கு நல்லது. தசை அசையும்போது இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது.

நான் சண்டை போட்டு மீட்டது துணி உலர்த்துவதையும் செடிக்குத் தண்ணீர் விடுவதையும். வீக்கம் வடிந்தது, இரவில் எழுவதும் குறைந்தது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. கால் வீக்கம் இதயம், சிறுநீரகக் கோளாறாலும் வரலாம். அப்பாவுக்கு இருந்தால் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மருத்துவரிடம் போனால் அவர் என் மகனைப் பார்த்து, “அம்மா நன்றாகத் தூங்குகிறார்களா?” என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பது நான். காதும் வாயும் எனக்கு நன்றாகவே இருக்கின்றன. மகனும் எனக்காகப் பதில் சொல்கிறான்! நீர் பிரியும் மாத்திரையை நான் மாலையில் போடுகிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. நானே வாய் திறந்து சொன்ன பிறகுதான் அதைக் காலைக்கு மாற்றினார்கள்.

உங்கள் அப்பாவும் அப்படி ஏதாவது போடுகிறாரா என்று பாருங்கள். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். மருத்துவரிடம் அவரே கேட்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.