கேள்வி பதில்: காவடிப் படத்தின் மேல் மழைக் கண்ணாடி

கேள்வி: தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் நான் எடுத்த படத்தைக் கோயில் சுவரொட்டிக்காக ஃபோட்டோஷாப்பில் ஆயத்தம் செய்கிறேன். கீழ்ப்பகுதியில், மழையில் நனைந்த சன்னல் கண்ணாடி போன்ற பட்டை ஒன்றை அமைத்து, அதன்மேல் எழுத்துகளை வைக்க விரும்பினேன். சிறிய மாதிரியில், படத்தைக் கண்ணாடி வழியே பார்ப்பது போல நெளியச் செய்யும் கிளாஸ் ஃபில்டர் அழகாக வந்தது; பெரிய படத்தில் அதே அளவுகளைக் கொடுத்தும் கண்ணாடி தெரியவில்லை. அச்சகத்துக்காக சி.எம்.ஒய்.கே.க்கு (நான்கு அச்சு மைகளுக்கான வண்ண முறை) மாற்றிய கோப்பிலோ, கிளாஸ் இருக்கும் ஃபில்டர் கேலரி திறக்கவே இல்லை.
— வாசகி, கியூர்பிப், மொரிசியஸ்

பதில்: இரண்டாவது சிக்கல் எளியது. சி.எம்.ஒய்.கே. கோப்பிலும் 16 பிட் (வண்ண நுணுக்கம் கூடிய) கோப்பிலும் ஃபில்டர் கேலரி இயங்காது; ஆகவே கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தை 8 பிட் ஆர்.ஜி.பி.யில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறை) திறந்து, வேலை முழுவதும் முடிந்த பிறகு அச்சுக்கான நகலை மட்டும் மாற்றுங்கள். கேலரியின் டிஸ்டார்ட் பிரிவில் கிளாஸ் இருக்கும். பிரெஞ்சுப் பதிப்பானால் அதன் பெயர் ‘வேர்’ (Verre, கண்ணாடி). மரத்தின் வேரைத் தேட வேண்டாம்.

முதல் சிக்கலுக்குக் காரணம், இந்த ஃபில்டர் பிக்சல் கணக்கில் வேலை செய்வதுதான். 800 பிக்சல் அகல மாதிரியில் கண்ணுக்குப் படும் நெளிவு, 6000 பிக்சல் அகலப் படத்தில் மணல் தூவியது போலாகிவிடும். டிஸ்டார்ஷன் (நெளிவின் வலிமை) 20க்கு மேலும், ஸ்கேலிங் (கண்ணாடி வடிவத்தின் அளவு) 200 விழுக்காட்டுக்கு மேலும் ஏறாது என்பதால், எண்களைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. பட்டைப் பகுதியைத் தனிக் கோப்பாக நகலெடுத்து, அதன் அகலத்தை 800 பிக்சலுக்குக் குறைத்து, முதலில் படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளரையும் அதன்பின் கிளாஸையும் இடுங்கள். டெக்ஸ்சரில் (கண்ணாடியின் வகை) ஃப்ராஸ்டட், டிஸ்டார்ஷன் 5, ஸ்மூத்னஸ் (வழவழப்பு) 3 என்று தொடங்கலாம். பிறகு அதைப் பெரிதாக்கி மூலப்படத்தின்மேல் பொருத்துங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத்தானே தெரிய வேண்டும்? பெரிதாக்குவதால் வரும் குறை அங்கே மறைந்துவிடும்.

ஆனால் ஃபில்டர் பிக்சல்களை இடம் மாற்றுமே தவிர ஒளியைத் தராது. பட்டையின்மேல் 15 விழுக்காட்டு வெண்மையைப் பரப்பி, மேல்விளிம்பில் மெல்லிய வெண்கோடு ஒன்றை இழுத்தால்தான் அது கண்ணாடி என்று கண் நம்பும். அந்தக் கோட்டில் சிறிது பச்சை கலக்கலாம். கண்ணாடியில் உள்ள இரும்பினால் அதன் விளிம்பு அப்படித்தான் தெரிகிறது.

மழைத்துளிகளை முழு அளவுப் படத்தில், கடைசியாக, கையால் சேர்ப்பதே என் விருப்பம். துளி ஒரு குவிவில்லை. அதனுள் காட்சி தலைகீழாகத் தெரியும். மழைக்குப் பேர்போன ஊரில் இருக்கிறீர்கள், சன்னலருகே சென்றால் நேரில் காணலாம். எனவே மங்கலாக்காத மூலப்படத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சுருக்கி, பெரிய துளிகள் நான்கைந்தினுள் மட்டும் வையுங்கள். எழுத்து வரும் இடத்தில் துளியே வேண்டாம்.