எல்லா சைஸும் இருந்தால் அது சர்ப்ளஸ் இல்லை

கேள்வி: ஆகஸ்டில் உத்தராகண்டின் பூக்கள் பள்ளத்தாக்குக்கு மலையேற்றம் போகிறோம். மலையேற்ற உடைகள் விற்கும் அமெரிக்க நிறுவனமான படகோனியாவின் கொள்கைகள் எனக்குப் பிடிக்கும். மழை ஜாக்கெட் வாங்கினால் அவர்களுடையதுதான் என்றிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒருவர் அதையே ‘திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஒரிஜினல்’ என்று 2,800 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

திருப்பூர் பின்னலாடை ஊர். பனியன், டி-ஷர்ட், ஸ்வெட்ஷர்ட்டுக்குப் பேர்போனது. மழை ஜாக்கெட்டோ நெய்த நைலான், பாலியஸ்டர் துணியில் தைப்பது. அதற்கான மெஷினே வேறு. இருபது வருஷம் இங்கே பீஸ் செக் பண்ணியவன் என்பதால் சொல்கிறேன்: ‘சர்ப்ளஸ்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இடைத்தரகர்கள் எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள்.

நிஜ சர்ப்ளஸ் இல்லாமல் இல்லை. டி-ஷர்ட், ஃப்ளீஸ் மாதிரி பின்னல் துணி என்றால் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் நல்ல சரக்கு கிடைக்கும். ஷிப்மென்ட் போக மிஞ்சியதும் ரிஜெக்ட் ஆனதும்தான் அது. அதனால் மீடியம் நாலு இருக்கும், லார்ஜே இருக்காது. கழுத்து லேபிளைப் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். எங்கேயாவது ஒரு தையல் விட்டிருக்கும், சாயம் ஒரு சொட்டு மாறியிருக்கும். குறையைப் பார்த்து வாங்கினால் பல வருஷம் உழைக்கும். உங்கள் ஆள் எல்லா சைஸும் எல்லாக் கலரும் இருக்கிறது, டேக்கும் தொங்குகிறது என்கிறாரா? அப்படியானால் அது மிஞ்சிய சரக்கு இல்லை, யாரோ புதிதாக அடித்த போலி.

ஜாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டைதான். தையல் மேலேயே ஒரு டேப்பைச் சூடாக அழுத்தி ஒட்டியிருக்க வேண்டும். தோள்பட்டை, அக்குள், தொப்பி சேரும் இடம் மூன்றையும் பாருங்கள். நகத்தால் நெம்பினால் டேப் எழும்பக் கூடாது. பை வார் அழுத்துவது தோளில்தான்; முதலில் ஒழுகுவதும் அங்கேதான்.

டேக்கில் 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்தத் துணிமேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் தாங்கும் என்று அர்த்தம். நீங்கள் போகும் மழைக்கு அது போதும். ஆனால் போலிக்காரரும் அதே எண்ணை அச்சடிப்பார். அதை யார் சோதிக்கிறார்கள்? இறக்குமதிச் சரக்கில் எம்ஆர்பியும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப் வியாபாரத்தை எட்டிப் பார்க்க அதிகாரிகளுக்கு நேரம் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டால் முதலில் பில் கேட்பார்கள். உங்களிடம் பில் இருக்காது. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஏமாந்தவர்தான் அலைகிறார்.

நீங்கள் மதிக்கும் அந்த நிறுவனமே 2011-ல் நியூயார்க் டைம்ஸில் ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று தன் ஜாக்கெட் படத்தையே போட்டு விளம்பரம் கொடுத்தது. தேவையில்லாமல் வாங்காதே, இருப்பதைத் தைத்துப் போடு என்பதுதான் அவர்கள் கொள்கை. ஆகவே அசல் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மலையேறும் நண்பர் யாரிடமாவது நல்ல ஜாக்கெட்டை இரவல் கேளுங்கள். இல்லையா, கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து, டேப் ஒட்டிய சாதாரண பிராண்ட் ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள்.

எதுவானாலும் கிளம்புவதற்கு முன் வீட்டுக் குளியலறையில் அதைப் போட்டுக்கொண்டு, பையையும் மாட்டி, ஷவருக்கு அடியில் பத்து நிமிஷம் நில்லுங்கள்.