விரிந்த உலகில் விருப்பம்போல் சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்டு கேம்களில் கேரக்டர் ஏன் சேற்றில் நடப்பதுபோல் நகர்கிறது? கேரக்டர் சேர்த்த பொருட்களைச் சுமக்கும் பையை அடுக்குவதே முழுநேர வேலையாகிவிடுகிறதே, வழி உண்டா?

உண்டு. முதலில் மந்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே கேமராவை மட்டும் சுழற்றுங்கள். கேமராவே தாமதமாகத் திரும்பினால் கோளாறு டிவியிலோ செட்டிங்ஸிலோ இருக்கிறது. கேமரா சட்டென்று திரும்பி, கேரக்டர் மட்டும் ஆடி அசைந்து வந்தால் அது அனிமேஷன், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

முதல் வகையைப் பெருமளவு சரிசெய்யலாம். டிவியில் கேம் மோடு போடுங்கள். இல்லையென்றால் டிவி ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு தனிப் படத்தையும், மெருகேற்றிய பிறகே காட்டும். 30 எஃப்பிஎஸ்ஸில் (விநாடிக்கு 30 ஃபிரேம்) ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லி விநாடி, 60இல் 16.7. பட்டனை அழுத்தியது திரையில் தெரிவதற்குள் பல ஃபிரேம்கள் ஓடிவிடுவதால் இந்த வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும். அதனால் கன்சோலில் படத்தின் அழகைவிட வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடு இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். பிசியில் கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்திலேயே ஓடினால் ஃபிரேம்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். ஃபிரேம் லிமிட்டைச் சற்றுக் குறைத்து, கார்டுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள். இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனை நம்பாதீர்கள். எஃப்பிஎஸ் எண் ஏறும், கைக்கு வேகம் வராது. கன்ட்ரோலரின் டெட் சோனை, அதாவது குச்சியை லேசாக அசைத்தாலும் கேம் கண்டுகொள்ளாத அளவை, படிப்படியாகக் குறையுங்கள். கை வைக்காமலே கேமரா நகர ஆரம்பித்தால் ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

அனிமேஷன் மந்தத்தைக் குறைக்க மட்டுமே முடியும். விட்சர் 3இல் 2015இலேயே 1.07 பேட்ச்சில் (அப்டேட்டில்) மாற்று நகர்வு முறை வந்துவிட்டது; அதை ஆன் செய்தால் நாயகன் கெரால்ட் சொன்ன இடத்தில் நிற்பார். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் ஓடுவதற்கு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கன்ட்ரோல்ஸில் மாற்றலாம். நீண்ட பயணத்துக்கு மேப்பில் இலக்கைக் குறித்துவிட்டு சினிமாட்டிக் கேமராவுக்குப் போங்கள். ஓட்ட பட்டனைப் பிடித்திருந்தால் போதும், குதிரை தானே பாதையைப் பிடித்துப் போகும். ஒவ்வொரு அலமாரியையும் திறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த கேமை வெறுக்க வைப்பது பெரும்பாலும் அதுதான்.

குதிரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஆழமான தண்ணீரில் ஓட்டிக் கடந்தாலே அழுக்கு போய்விடும்.

இனி பை. ஸ்கைரிம் கேமில் தொடக்கத்தில் 300 எடை தூக்கலாம்; லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை (உடல் வலுவை) தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 5 கூடும். தாண்டினால் ஓட்டமும் இல்லை, மேப்பில் தொட்ட இடத்துக்கு நொடியில் போகும் ஃபாஸ்ட் டிராவலும் இல்லை. பலர் செய்யும் தவறு, விலையை மட்டும் பார்த்து எடுப்பது. விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். இரும்புக் கவசத்தின் விலை 125, எடை 30. எடை 1க்கு நான்கு நாணயம்தான். ரத்தினக் கல்லின் எடையோ வெறும் 0.1. பத்துக்குக் கீழே வருவதைத் தொடாதீர்கள் என்பது என் கணக்கு. ஸ்டீட் ஸ்டோன் என்ற மந்திரக் கல்லைத் தொட்டால் இன்னும் 100 கூடும், போட்டிருக்கும் கவசத்தின் எடையும் கணக்கில் வராது.

செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமில் ஆயுதம் உடைவதுதான் பலருக்கு எரிச்சல். அங்கே சேர்த்துவைப்பதுதான் தவறு. உடையும் அடிக்கு இரட்டிப்புச் சேதம் உண்டு. அதனால் உடையப்போகிறது என்ற எச்சரிக்கை வந்ததும் எதிரியின் மேல் எறிந்துவிட்டு, அவன் கீழே போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.