உள்ளங்கால்ல அழுத்திட்டு "கிட்னி வீக்"னு சொல்லிட்டாங்க, நம்பலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 54 வயசு. ஒன்பது வருஷமா சுகர் இருக்கு, மெட்ஃபார்மின் எடுத்துட்டு இருக்கேன். ஆறு மாசமா ராத்திரி படுத்தா ரெண்டு உள்ளங்காலும் எரியுது. தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு, பாதத்துல அங்கங்க அழுத்தி உடம்பு உறுப்புகளைச் சரி பண்றதா சொல்ற ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி சென்டருக்குப் போனேன். பாதத்தோட நடுவுல குச்சி வச்சு அழுத்துனப்போ உயிரே போயிடுச்சு, உடனே "கிட்னி வீக்கா இருக்கு, 15 சிட்டிங் வாங்க, மாத்திரைகூட குறைச்சுக்கலாம்"னாங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன் டாக்டர், அதான் குழப்பமே. தொடர்ந்து போகலாமா?

பதில்: முதல்ல மாத்திரையைக் குறைக்காதீங்கம்மா, மத்ததை நிதானமா பேசலாம்.

அந்த வலிக்கும் உங்க கிட்னிக்கும் சம்பந்தம் இல்ல. சந்தேகமா இருந்தா வீட்ல சுகர் பிரஷர் எதுவும் இல்லாத ஒரு சின்னப் பையனைப் பிடிச்சு, பாதத்தோட முன்பக்க மேட்டுக்குக் கீழ குழி ஆரம்பிக்குதுல்ல, சரியா நடுவுல, அங்க கட்டைவிரலால நல்லா ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க, காலை வெடுக்குனு இழுத்துக்குவான். குதிகால்ல தடிமனா கொழுப்பு மெத்தை இருக்கு, எவ்வளவு அழுத்துனாலும் தாங்கும், ஆனா அந்தக் குழியில மெத்தை கம்மி, தசையும் நரம்பும் கிட்டத்துலயே ஓடுது, அதுல மரக்குச்சியை வச்சா யாருக்குத்தான் வலிக்காது? பாதத்துல எந்த இடம் எந்த உறுப்புக்குன்னு காட்டற ரிஃப்ளெக்ஸாலஜி படத்துல கிட்னிக்குன்னு குறிச்சு வச்சிருக்கறதும் கிட்டத்தட்ட அதே இடம்தான். அப்போ போறவங்க பாதிப் பேருக்கு கிட்னி வீக்னுதானே வரும்.

இந்தப் படம் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன். நிறையப் பேர் ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழசுன்னு நினைக்கறாங்க. பாதத்தை அமுக்கி விடற பழக்கம் பழசுதான், ஆனா இன்னைக்கு சென்டர் சுவர்ல மாட்டியிருக்கற படம் நூறு வருஷ சமாச்சாரம். அமெரிக்காவுல ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்பைத் தலையில இருந்து கால் வரைக்கும் நெடுக்கா 10 பட்டையா பிரிச்சு, ஒரு பட்டையில ஒரு இடத்தை அழுத்துனா அதே பட்டையில இருக்கற மத்த உறுப்புக்கும் பலன் போகும்னு 1917ல புத்தகம் போட்டார். அப்புறம் 1930கள்ல யூனிஸ் இங்ஹாம்னு ஒரு அம்மா, அவங்க பிசியோதெரபிஸ்ட், அதைப் பாதத்துல மட்டும் வச்சு விரிவா வரைஞ்சாங்க. விரல்கள்ல தலை, முன்மேட்டுல நுரையீரல், குழியில வயிறும் கிட்னியும், குதிகால்ல இடுப்பு, உள்பக்க ஓரம் முழுக்க முதுகெலும்பு, கல்லீரல் வலது கால்ல, இதயம் இடது கால்ல. ஒரு ஆளைச் சுருட்டிப் பாதத்துக்குள்ள உக்கார வச்ச மாதிரி, பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு சென்டர் படத்தைப் பக்கத்துல வச்சா ரெண்டும் ஒத்துப்போகாது.

உடம்புக்குள்ள அப்படி ஒயரிங் இருக்கான்னா, இல்ல. உள்ளங்கால்ல இருந்து போற நரம்பு கெண்டைக்கால், தொடை வழியா அடிமுதுகுல தண்டுவடத்துக்குள்ள போய் அங்கிருந்து மூளைக்குப் போகுது. கிட்னிக்கு வர்ற நரம்பு அதுக்கு மேல வேற மட்டத்துல இருந்து வருது. நடுவுல தனி லைன் எதுவும் கிடையாது. நோய் என்னன்னு சொல்லாம ஆட்களைக் கொடுத்து ரிஃப்ளெக்ஸாலஜி பண்றவங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லியும் பார்த்திருக்காங்க, குருட்டாம்போக்குல சொல்றதுக்கு மேல வரல. சிகிச்சைன்னு பார்த்தா, 2009ல 18 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்போ எந்த நோயையும் குணப்படுத்துதுன்னு நம்பற மாதிரி ஆதாரம் கிடைக்கல.

காலுக்கடியில படிகம் சேர்ந்திருக்கு, அதை உடைச்சு விடறோம்னு சொல்வாங்களே, உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. யூரிக் ஆசிட் படிகம் நிஜமாவே உண்டு, கவுட்னு ஒரு மூட்டு வலி நோய் இருக்கறவங்களுக்கு. அது பெரும்பாலும் கட்டைவிரல் மூட்டுக்குள்ள போய் உக்காரும், தோலுக்கடியில அழுத்தி உடைக்கற சமாச்சாரம் இல்ல, அந்த நேரத்துல மூட்டுல போர்வை பட்டாலே அலறுவாங்க.

அப்போ தூக்கம் எப்படி வந்துச்சு? அது பொய் இல்லம்மா. அரை மணி நேரம் போன் இல்லாம, வேலை இல்லாம படுத்திருந்து ஒருத்தர் பதமா காலைப் பிடிச்சு விட்டா உடம்பு தளரும், மனசு அடங்கும், தூக்கம் வரும், வலிகூட கொஞ்ச நேரம் குறைஞ்ச மாதிரி இருக்கும். நானே ஒரு தடவை போய் பாதியில குறட்டை விட்டு என் குறட்டையிலயே முழிச்சேன். அந்த சுகத்துக்குப் போறதுல எனக்கு ஆட்சேபமே இல்ல. அது சுகம், வைத்தியம் இல்ல, அவ்வளவுதான்.

உங்க விஷயத்துல எனக்கு உறுத்தறது அந்த எரிச்சல்தான். ஒன்பது வருஷ சுகர், ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி, அதுவும் ராத்திரியில அதிகம்னா சுகர்னால நரம்பு பாதிக்க ஆரம்பிச்சிருக்கான்னு முதல்ல பார்க்கணும். ரொம்ப நாள் மெட்ஃபார்மின் எடுத்தா சிலருக்கு பி12 குறையும், அதுவும் இதே மாதிரி எரியும். அதனால மூணு மாச சராசரி சுகர், பி12, தைராய்டு இதெல்லாம் பாருங்க. கிட்னி எப்படி இருக்குன்னு தெரியணும்னா ரத்தத்துல கிரியாட்டினினும் யூரின்ல ஆல்புமினும் பார்த்தா போதும், சுகர் இருக்கறவங்க வருஷா வருஷம் எப்படியும் பார்க்கணும். டாக்டர்கிட்ட போறப்போ செருப்பைக் கழட்டி காலைக் காட்டுங்க, மீன் பிடிக்கற தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிசு இழையால பாதத்துல அங்கங்க தொடுவாங்க, 10 கிராம் அழுத்தத்துலயே அது வளைஞ்சிடும், கண்ணை மூடிட்டு அது படறது தெரியுதான்னு நீங்க சொல்லணும். தெரியலன்னா கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அதைப் பார்க்காம குச்சி வைத்தியத்துக்குப் போனீங்கன்னா இதுதான் பயம்: மரத்த கால்ல தோல் கிழிஞ்சாலும் கன்னிப்போனாலும் உங்களுக்குத் தெரியாது, சாக்ஸ்ல கறை பட்டப்புறம்தான் தெரியும், சுகர்ல அந்தப் புண் லேசுல ஆறாது. அழுத்தறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில காலை ஊற வைப்பாங்களே, அதுவும் அதே ஆபத்துதான்.

செக் பண்ணிட்டு உணர்ச்சி நல்லா இருக்கு, புண்ணோ வெடிப்போ இல்லன்னு டாக்டர் சொன்னா தாராளமா போங்க. சுகர் இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க, குச்சி வேணாம், கையால மெதுவா போதும்னு சொல்லுங்க, 15 சிட்டிங் பேக்கேஜெல்லாம் மொத்தமா கட்ட வேணாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, தொட்டா வலிச்சா மட்டும் மசாஜ் பக்கமே போகாதீங்க, உள்ள ரத்தம் கட்டியிருந்தா அமுக்கறப்போ அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.